‘ஸ்பிரிங் அவேக்கனிங்’ முதல் நடிகர் குழுவை நேரில் பார்த்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம். 2006 டிசம்பரில் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயின் யூஜின் ஓநீல் அரங்கில் தொடங்கிய ‘ஸ்பிரிங் அவேக்கனிங்’ இசை நாடகத்தின் முதல் நடிகர் குழுவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பதின்ம வயதினரைப் பற்றிய ஃபிராங்க் வேடகிண்டின் 1891ஆம் ஆண்டு ஜெர்மன் நாடகத்தைத் தழுவிய இதில், மெல்கியோராக ஜொனாதன் கிராஃபும், வெண்ட்லாவாக லியா மிஷேலும், மோரிட்ஸாக ஜான் கேலகர் ஜூனியரும் நடித்தார்கள். கேலகருக்கு 2007இல், பிராட்வே நாடகங்களுக்கான உயரிய விருதான டோனி விருதும் கிடைத்தது. பழைய காலப் பள்ளிச் சீருடையில் நிற்கும் பையன், கோட்டுக்குள்ளிருந்து மைக்கை எடுத்து ராக் இசைக்குப் பாடத் தொடங்கும் அந்த நொடி என்னை இன்னும் விடவில்லை. பெரியவர்களின் பாத்திரங்கள் அனைத்தையும் இரண்டே நடிகர்கள் ஏற்றது மிகச் சரியான முடிவு என்பேன். பதின்ம வயதில் பெரியவர்கள் எல்லோரும் ஒரே முகமாகத்தான் தெரிவார்கள்.

மேடையிலேயே பார்வையாளர்களுக்கும் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். 2008 மே மாதம் கிராஃபும் மிஷேலும் விலகுவதற்கு முன், அங்கே நடிகர்களுக்கு அருகில் அமர்ந்து பார்த்தவர்கள் உங்களில் யாரேனும் இருந்தால், பாடாத நேரங்களில் அந்த நடிகர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை நினைவிலிருந்து எழுதி உதவுங்கள். அன்றைய நிகழ்ச்சிக் கையேட்டை வைத்திருப்பவர்கள், நடிகர் பட்டியல் உள்ள பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாலும் பேருதவியாக இருக்கும்.