எல்லா மசோதாவும் நிலைக்குழுவுக்குப் போயே தீர வேண்டுமா?

கயல்விழி:
என் கருத்தை நேராகவே வைக்கிறேன். நிதி மசோதாக்களைத் தவிர அரசு கொண்டுவரும் ஒவ்வொரு மசோதாவும், நிலைக்குழு போல பல கட்சி உறுப்பினர்கள் உட்கார்ந்து ஆராயும் நாடாளுமன்றக் குழு ஒன்றின் பரிசீலனைக்குக் கட்டாயம் போக வேண்டும். இப்போது அனுப்புவதா வேண்டாமா என்பது சபாநாயகர் அல்லது மாநிலங்களவைத் தலைவர் முடிவு. நடைமுறையில் அரசு விரும்பினால் போகும், விரும்பாவிட்டால் போகாது. 15வது மக்களவையில் (2009–14) பத்தில் ஏழு மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 16வது மக்களவையில் அது கால்வாசி அளவுக்கு இறங்கியது. 17வதில் சுமார் 16 சதவீதம்.

2020 செப்டம்பரில் மூன்று வேளாண் மசோதாக்கள் எந்தக் குழுவுக்கும் போகாமல் நிறைவேறின. மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்போடு முடிந்தது. பிறகு டெல்லி எல்லைகளில் ஓராண்டுக்கும் மேலாகப் போராட்டம், 2021 நவம்பரில் ரத்து. அந்த எதிர்ப்பையெல்லாம் முன்கூட்டியே ஓர் அறைக்குள் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். நிலைக்குழு அதற்காகத்தானே இருக்கிறது?

முகிலன்:
கேட்டிருந்தாலும் மாற்றியிருப்பார்கள் என்பதற்கு என்ன உறுதி? குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. எல்லா வாதமும் அந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறது.

தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவைப் பாருங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. 2019 டிசம்பரில் மசோதா, இரு அவை உறுப்பினர்களும் கொண்ட கூட்டுக் குழுவுக்குப் போனது. அறிக்கை வந்தது 2021 டிசம்பரில், 81 திருத்தங்களோடு. 2022 ஆகஸ்டில் அரசு மசோதாவையே திரும்பப் பெற்றது. 2023இல் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து, எந்தக் குழுவுக்கும் அனுப்பாமல் நிறைவேற்றியது. குழு உழைத்ததில் குறையில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் குடிமக்களின் தரவுக்குத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. இதைக் கட்டாயமாக்கினால் தாமதம்தான் கட்டாயமாகும்.

கயல்விழி:
நீங்கள் சொன்ன உதாரணத்தில் பழி குழுவைச் சேருமா, அரசைச் சேருமா? அறிக்கை வந்த பிறகு மசோதாவைக் கைவிட்டது அரசு. அடுத்த மசோதாவைக் குழுவுக்கு அனுப்பாததும் அரசு.

வேகம் குறையும் என்ற அச்சத்துக்குத் திவால் சட்டமே பதில். 2015 டிசம்பரில் அறிமுகம், உடனே கூட்டுக் குழு, 2016 மே மாதத்தில் இரு அவைகளிலும் நிறைவேற்றம். அவ்வளவு சிக்கலான சட்டத்துக்கே ஆறு மாதம் போதுமானதாக இருந்தது.

பரிந்துரையை ஏற்கவே மாட்டார்கள் என்பதும் சரியில்லை. 2019இல் வாடகைத் தாய் மசோதாவை மக்களவை நிறைவேற்றிவிட்டது. மாநிலங்களவை அதை, அந்த மசோதாவுக்காகவே அமைத்த தெரிவுக்குழுவுக்கு அனுப்பியது. திருமணமாகி ஐந்து ஆண்டுகள் குழந்தையில்லாமல் இருந்தால்தான் தகுதி என்ற விதியை நீக்கச் சொன்னது குழு. வாடகைத் தாய்க்கான காப்பீட்டை 16 மாதத்திலிருந்து 36 மாதமாக்கச் சொன்னது. 2021இல் வந்த சட்டத்தில் இரண்டும் ஏற்கப்பட்டிருக்கின்றன. பிரசவத்துக்குப் பிறகு உடல்நலம் கெடும் ஒரு பெண்ணுக்கு அந்த 20 மாதங்கள் எவ்வளவு பெரியவை என்று யோசித்துப் பாருங்கள். மக்களவை விவாதத்தில் இது கண்ணில் படவில்லை. குழுவில் பட்டது.

பொன்னி:
இடையில் ஒன்று சொல்கிறேன். எங்கள் தொழிலைப் பாதிக்கும் ஒரு மசோதா குறித்து எங்கள் சங்கம் நிலைக்குழுவுக்கு மனு அனுப்பி, வாய்மொழிச் சாட்சியமும் அளித்தது. நானும் போயிருந்தேன். எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த இருவர், ‘இந்தப் பிரிவின்படி உரிமம் ரத்தானால் யாரிடம் முறையிடுவீர்கள்?’ என்ற ஒரே கேள்வியை அடுத்தடுத்துக் கேட்டார்கள். அவையில் அவர்கள் ஒருவரை ஒருவர் பேசவிட்டுப் பார்த்ததில்லை. கட்சித் தாவல் தடைச் சட்டம் அவையில் போடும் வாக்கைத்தான் பிடிக்கும், குழுவுக்குள் கொறடா உத்தரவு கிடையாது. அந்த வித்தியாசத்தை நேரில் உணர்ந்தேன்.

முகிலன்:
பொன்னி சொல்வதை மதிக்கிறேன். ஆனால் கொறடா இல்லாவிட்டாலும் கட்சி இருக்கிறது. வக்பு திருத்த மசோதாவைப் பரிசீலித்த கூட்டுக் குழுவில் 2025 ஜனவரியில் பிரிவு பிரிவாக வாக்கெடுப்பு நடந்தது. ஆளும் கூட்டணி உறுப்பினர்கள் கொடுத்த திருத்தங்கள் ஏற்கப்பட்டன, எதிர்க்கட்சிகள் கொடுத்தவை அனைத்தும் தோற்றன. மாற்றுக் கருத்துக் குறிப்பு எழுதிவிட்டு வெளியே வந்தார்கள். அரசியல் சூடான விஷயங்களில், அவையின் எண்ணிக்கையை அப்படியே சிறிய அளவில் நகலெடுக்கும் அறையாகக் குழு ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட மசோதாக்களில்தான் நமக்குப் பரிசீலனை அதிகம் தேவை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. குழுவுக்குத் தடுக்கும் அதிகாரம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டியிருக்கிறது. இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964 குடிசார் உரிமைச் சட்டத்தை, எந்த மசோதா எப்போது விவாதத்துக்கு வரும் என்று தீர்மானிக்கும் பிரதிநிதிகள் சபையின் விதிகள் குழுத் தலைவர் ஹோவர்ட் ஸ்மித் தன் மேசையில் முடக்கி வைக்க முயன்றார். பெரும்பாலான உறுப்பினர்கள் மனுவில் கையெழுத்திட்டு மசோதாவை வெளியே எடுத்துவிடுவார்கள் என்ற அழுத்தம் வந்த பிறகுதான் வழிவிட்டார்.

தணிகை:
இரண்டு பேருமே மசோதாவைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். 1993இல் துறைசார் நிலைக்குழுக்களைத் தொடங்கியபோது (அப்போது 17, 2004 முதல் 24) முதன்மையான வேலையாகக் கொடுத்தது ஒவ்வொரு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையையும், அதாவது செலவுக்காக அது கேட்கும் பணத்தை, ஆராய்வது. பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் துறைச் செயலாளர்களைக் கூப்பிட்டு, ‘போன ஆண்டு ஒதுக்கியதை ஏன் செலவழிக்கவில்லை?’ என்று கேட்கிறார்கள். பிறகு அவையில் நான்கைந்து அமைச்சகங்களை விவாதித்துவிட்டு, மீதியை ‘கில்லட்டின்’ முறையில், அதாவது விவாதமே இல்லாமல், மொத்தமாக நிறைவேற்றுகிறார்கள். அப்படியானால் பல துறைகளின் செலவை வரிவரியாகப் பார்த்தது அந்தக் குழு மட்டும்தான்.

என் குறை வேறு. கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடக்கின்றன. பிரிட்டனில் நம் நிலைக்குழுக்களைப் போன்ற தெரிவுக்குழுக்களின் விசாரணைகளை நேரலையில் பார்க்க முடிகிறது. அங்கே 2010 முதல் பெரும்பாலான குழுத் தலைவர்களைச் சக உறுப்பினர்களே ரகசிய வாக்கில் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்மிடம் 1967 முதல், அரசின் செலவுக் கணக்கை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவின் தலைமை எதிர்க்கட்சிக்குப் போவது நல்ல மரபு. மற்றக் குழுக்களுக்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை.

பொன்னி:
கேமரா வைத்தால் அந்த இருவரும் அப்படிக் கேட்டிருப்பார்களா என்று சந்தேகமாக இருக்கிறது. சாட்சியம் கேட்பதை நேரலையில் காட்டுங்கள். உறுப்பினர்கள் தங்களுக்குள் கலந்து பேசுவதை மூடிய அறையில் விடுங்கள். பிரிட்டனிலும் அறிக்கையை விவாதிப்பது தனியாகத்தான்.

தணிகை:
அதை ஏற்கிறேன். குறைந்தபட்சம் சாட்சியத்தின் முழு எழுத்துப்படியாவது அறிக்கையோடு வெளிவர வேண்டும்.

கயல்விழி:
முகிலனின் ஸ்மித் உதாரணம் நான் கேட்பதற்குப் பொருந்தாது. குழுவுக்குத் தடுக்கும் அதிகாரம் தரச் சொல்லவில்லை, போய் வரும் வழியைக் கட்டாயமாக்கச் சொல்கிறேன். ஜெர்மனியில் முதல் வாசிப்பு முடிந்ததும் மசோதா குழுவுக்குப் போவதுதான் வழக்கம். அதைத் தவிர்க்க வேண்டுமானால் அவையில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். நியூசிலாந்தில் குழுவுக்கு இயல்பாக ஆறு மாதம், பொதுமக்கள் யாரும் மனு கொடுக்கலாம். அவசரம் என்று அரசு தாண்டிப் போகலாம். ஆனால் காரணத்தை அமைச்சர் அவையில் எழுந்து சொல்ல வேண்டும். நம்மிடம் அனுப்பாததற்குக் காரணம் சொல்லும் கடமைகூட அமைச்சருக்கு இல்லை. எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

முகிலன்:
இப்போதுதான் பேசக்கூடிய இடத்துக்கு வந்திருக்கிறோம். காரணம் சொல்லும் கடமைக்கு என் முழு ஆதரவு. இன்னும் இரண்டு சேருங்கள். ஒன்று, 90 நாளில் அறிக்கை வராவிட்டால் மசோதா தானாக அவைக்குத் திரும்ப வேண்டும். இரண்டு, எந்தப் பரிந்துரையை ஏற்றோம், எதை எதற்காகத் தள்ளினோம் என்று விவாதம் தொடங்கும் முன் அமைச்சர் எழுத்தில் அவையில் வைக்க வேண்டும். இது இருந்தால் கட்டாயத்தை நான் எதிர்க்க மாட்டேன். மூன்றில் இரண்டு பங்கு நிபந்தனையை மட்டும் ஏற்க முடியாது. தேர்தலில் வென்ற அரசு, பேரிடர் நேரத்தில் ஒரு சட்டத்துக்கு எதிர்க்கட்சியின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டிவரும்.

கயல்விழி:
90 நாள் கெடு எனக்குச் சம்மதம், எழுத்துப் பதில் இன்னும் நல்லது. ஆனால் சாதாரணப் பெரும்பான்மையால் தாண்டலாம் என்றால், பெரும்பான்மை கையில் இருக்கும் அரசு ஒவ்வொரு முறையும் தாண்டும். 2020 செப்டம்பரிலும் அந்தப் பெரும்பான்மை மக்களவையில் இருந்தது. பேரிடருக்குத் தனி விலக்கு எழுதிக்கொள்ளுங்கள். மற்றதற்கு மூன்றில் இரண்டு பங்கை நான் விடமாட்டேன்.