ஆங்கில 'தே'யைப் போர்த்துகீசியத்தில் எப்படிச் சொல்வது?

தாழம்பூ:
ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காத ஒருவரைக் குறித்து ஆங்கிலக் கதையில் வரும் ஒருமை 'தே'யை (they), பிரேசில் வாசகருக்காகப் போர்த்துகீசியத்தில் பெயர்க்கும்போது, பால் காட்டாத சுட்டுப்பெயரான 'எலு' என்று எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 'தே' 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒருமையிலும் புழங்கிவரும் சொல் என்பதால் ஆங்கில வாசகர் அதில் இடறுவதில்லை. அண்மையில் உருவாக்கப்பட்ட 'எலு'வோ பக்கத்துக்குப் பக்கம் வாசகரைத் தடுத்து நிறுத்தும். போர்த்துகீசியத்தில் எழுவாயை விட்டுவிட்டே எழுதலாம். பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடுகிறது.

கலங்கரை:
மீதிப் பாதியில்தான் சிக்கலே இருக்கிறது. எழுவாயை விட்டாலும் 'களைத்திருக்கிறார்' என்பதில் வரும் பெயரடை பாலைக் காட்டிக்கொடுத்துவிடும்: ஆணுக்குக் 'கன்சாடு', பெண்ணுக்குக் 'கன்சாடா'. நம் 'அவர்' போன்ற பொதுச்சொல் அங்கே இல்லை. 'எலு', பால் காட்டாத 'கன்சாடே' என்று எழுதினால்தான் அந்தப் பாத்திரம் தன்னைப் பற்றிச் சொல்வது வாசகரிடம் போய்ச் சேரும். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019இல் 'தே'யை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தபோது முன்னிறுத்தியதும், ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காத ஒருவரைக் குறிக்கும் இந்தப் பொருளைத்தான்.

தாழம்பூ:
பெயரடை இருந்த இடத்தில் பெயர்ச்சொல்லை வையுங்கள். 'சென்ட்டி கன்சாசு', அதாவது 'களைப்பை உணர்கிறார்', என்றால் பால் எங்கே தெரிகிறது? ஒரு சிறுகதை முழுவதையும் இப்படிப் பெயர்த்திருக்கிறேன். எந்த வாக்கியமும் செயற்கையாக ஒலிக்கவில்லை.

கலங்கரை:
உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஒரு தாய் பக்கத்து வீட்டாரிடம் தன் பிள்ளையை 'அவள்' என்று குறிப்பிட, பிள்ளை குறுக்கிட்டு 'தே' என்று திருத்தும் காட்சி வந்தால் என்ன செய்வீர்கள்? அங்கே அந்தச் சுட்டுப்பெயர்தான் கதை. பள்ளிகளில் இத்தகைய சொற்களைத் தடைசெய்த ரொண்டோனியா மாநிலச் சட்டத்தை 2023 பிப்ரவரியில் பிரேசில் உச்ச நீதிமன்றமே ரத்துசெய்திருக்கிறதே.

தாழம்பூ:
அந்தத் தீர்ப்பை இங்கே சான்றாகக் காட்ட முடியாது. கல்விக்கான பொது விதிகளை வகுக்கும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கே உரியது, மாநிலத்துக்கு இல்லை என்ற அடிப்படையில்தான் சட்டம் விழுந்தது. 'எலு' நல்ல சொல்லா என்று நீதிமன்றம் தீர்மானிக்கவில்லை. நீங்கள் சொன்ன காட்சியில் மட்டும் 'எலு' வேண்டும் என்பதை ஏற்கிறேன். மற்ற இடங்களில் என் வழியே போதும்.

கலங்கரை:
தாய் அடுத்த பக்கத்தில் தட்டுத்தடுமாறி 'எலு' என்று சொல்லப் பழகும்போது, கதைசொல்லி மட்டும் அந்தச் சொல்லைத் தொடாமல் ஒதுங்கிப் போனால், பிள்ளையின் திருத்தத்தைத் தாய் ஏற்றுக்கொண்டாள், மொழிபெயர்ப்பாளர் ஏற்கவில்லை என்றுதானே வாசகருக்குத் தோன்றும்?