மோட்டார் சைக்கிள் முன் ஸ்ப்ரொக்கெட் நட் தளர்வது: அனுபவப் பகிர்வு

(முன் ஸ்ப்ரொக்கெட்ங்கிறது எஞ்சின் பக்கம் செயினை இழுக்கிற பல் சக்கரம். அதை ஷாப்ட்ல பிடிச்சு வைக்கிற நட் ஏன் தளருது, எப்படிக் கழட்டி மாட்டுறதுன்னு மூணு பேர் பேசுறாங்க. பேருக்குப் பதிலா அவங்கவங்க ஊர் போட்டிருக்கு.)

ஹட்டன்:
முதல்லயே செயினைக் கழட்டிடாதீங்க. செயின் பூட்டியிருக்கும்போதே நட்டை இளக்கணும். பின் சக்கரம் நிலத்தில இருக்க, ஒருத்தர் பின் பிரேக்கை அழுத்தி மிதிச்சா போதும். கியரில போட்டு மட்டும் நெம்பினா அந்த விசை முழுக்க கியர் பற்கள் மேல விழும். அதுக்கு முன்னாடி, நட் சுத்தாம இருக்க அது மேல மடிச்சு விட்டிருக்கிற வொஷர் மடிப்பை உளியால நிமிர்த்துங்க. அதை மறந்தாத்தான் நட்டோட மூலை உருண்டு போகுது.

ஸ்ப்ரொக்கெட் கவரைத் திறந்ததும், ஸ்ப்ரொக்கெட் உட்கார்ற ஷாப்ட் பற்களைப் பாருங்க. செங்கல் தூள் மாதிரி காய்ஞ்ச துரு இருந்தா, ஸ்ப்ரொக்கெட் கொஞ்ச நாளாவே ஆடியிருக்குன்னு அர்த்தம். மண்ணெண்ணெயில கழுவி, பற்கள் தேய்ஞ்சிருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. தேய்ஞ்ச ஷாப்ட்ல புது நட்டும் நிக்காது.

நுவரெலியா:
அண்ணே சொன்ன துரு இங்க நிறையவே வரும். ரம்பொட ஏத்தத்தில செயினோட மேல்பக்கம் இழுக்கும். இறக்கத்தில எஞ்சின் பிரேக்கில வந்தா கீழ்ப்பக்கம் இழுக்கும். வளைவுக்கு வளைவு திசை மாறுறதால சின்ன ஆட்டமும் நட்டைத் தளர்த்திடும். த்ரொட்டிலை விட்டுப் பிடிக்கிறப்போ 'டக்'னு கேட்டா உடனே கவரைத் திறங்க. நட் கழன்றா ஸ்ப்ரொக்கெட் வெளியே நகரும், செயின் சிக்கிப் பின் சக்கரமே பூட்டிக்கலாம். இறக்கத்தில அது உயிருக்கே ஆபத்து.

பழைய வொஷரை அதே இடத்தில திரும்ப மடிக்காதீங்க, வெடிச்சிடும். புதுசு போடுங்க. மடிப்பு நட்டோட தட்டைப் பக்கத்தில ஒட்டி உட்காரணும், மூலையில இல்ல. எவ்வளவு இறுக்கணும்னு வண்டியோட மெனுவலைப் பார்த்து டோர்க் ரென்ச்சால (இறுக்குற விசையை அளந்து காட்டுற ஸ்பேனர்) இறுக்குங்க.

பண்டாரவளை:
சின்ன வண்டிகள் பலதுல நட்டே இல்ல. ஒரு தகடும் ரெண்டு 6 மி.மீ. போல்ட்டும்தான். தகட்டை ஷாப்ட் பள்ளத்தில திருப்பி மாட்டணும். போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும், அதுக்கு மேல போனா மரை கழன்றிடும். இந்த வகையில ஸ்ப்ரொக்கெட் பக்கவாட்டில லேசா ஆடுறது இயல்பு, அதைக் கோளாறுன்னு நினைச்சு வொஷர் திணிக்காதீங்க.

ஹட்டன்:
தம்பி சொன்னது சரி. ஏத்தத்துக்காக 15 பல் முன் ஸ்ப்ரொக்கெட்டை 14 பல்லா மாத்துறவங்க கவனிங்க: அதே ஆர்பிஎம்முக்கு (எஞ்சின் நிமிஷத்துக்குச் சுத்துற எண்ணிக்கை) வேகம் 7 வீதம் அளவுக்குக் குறையும். தேய்ஞ்ச செயினைப் புது ஸ்ப்ரொக்கெட்ல போட்டா அதையும் சீக்கிரம் தின்னுடும், அதனால செட்டாவே மாத்துங்க. செயின் தொய்வைச் சக்கரத்தைச் சுத்தி, ரொம்ப இறுகுற இடத்தில அளங்க. 500 கி.மீ. ஓடினதும் மடிப்பை ஒருக்கா பார்த்திடுங்க.