செட் மாற்றினேன், டெயில் லைட் போனது

அம்பத்தூர் வாசி

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் காருக்கு ஒன்பது இன்ச் ஆண்ட்ராய்டு மியூசிக் செட் வாங்கினேன். ஃபிட்டிங்குக்குத் தனியாக 800 ரூபாய் கேட்டார்கள். நாலு வயரை முறுக்க எண்ணூறா என்று வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். அந்த எண்ணூறு கடைசியில் எவ்வளவு ஆனது என்பது என் மனைவிக்கு இன்னும் தெரியாது.

வண்டியின் கப்ளரும் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் பிளக்) செட்டின் கப்ளரும் சேரவில்லை. அந்தந்த மாடலுக்கு மாற்றுக் கப்ளர் தனியாகவே விற்கிறது. அது தெரியாமல் கம்பெனிக் கப்ளரை வெட்டினேன். செட்டில் மஞ்சள் வயர் நேரடி பேட்டரி, சிவப்பு சாவி போட்டால் வரும் கரண்ட், கறுப்பு எர்த். வண்டிப் பக்கம் வரும் வயர்களின் நிறம் வேறு கணக்கு. எதில் கரண்ட் வருகிறது என்று டெஸ்ட் லைட் வைத்துத் தேடினேன். ஒரு வயரில் வைத்ததும் லைட் எரிந்தது. மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து அதிலேயே முறுக்கிவிட்டேன். பாட்டு வந்தது. ஆனால் செட் ஓடச் சாவியே தேவையில்லாமல் செய்துவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

மூன்று நாள் வண்டியை எடுக்கவில்லை. நாலாம் நாள் சாவியைத் திருப்பினால் டிக் டிக் சத்தம் மட்டும். ஜம்பர் கேபிள் போட்ட பையன், "பேட்டரி மாத்திடுங்க சார்" என்றான். நல்லவேளை, மாற்றவில்லை. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் பக்கம் வைத்து நெகட்டிவ் டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவில் போட்டேன். கதவை எல்லாம் பூட்டி இருபது நிமிடம் விட்டுப் பார்த்தால் 0.42 ஆம்பியர். செட் ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.03. வண்டி சும்மா நிற்கும்போது 50 மில்லி ஆம்பியருக்குள் (0.05) இருந்தால் பொதுவாகப் பயமில்லை. என்னுடையது 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி. 0.42 வீதம் மூன்று நாள் போனால் 30 ஏஎச் காலி. (மீட்டர் அப்படி இருக்கும்போது ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். எனக்குப் போனது.)

சிவப்பைப் பிரித்துச் சாவி லைனில் போட்டேன். முடிந்தது என்று நினைத்து ராத்திரி விழுப்புரம் கிளம்பினோம். பரனூர் டோல்கேட்டில் பின்னால் வந்த லாரி கிளீனர் இறங்கி வந்தார். "அண்ணே, பின்னாடி லைட்டே இல்ல. பிரேக் அடிச்சாத்தான் நீங்க இருக்கறதே தெரியுது."

ஸ்பீடோமீட்டர் லைட்டும் ஏசி நாப்களின் வெளிச்சமும்கூட இல்லை. புது ஸ்கிரீனின் வெளிச்சத்தில் மற்றதெல்லாம் மங்கித் தெரிகிறது என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்! சிவப்பு நிற 10 ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தது. புதிது போட்டு லைட் சுவிட்சைத் திருப்பினேன், அதுவும் போனது. பக்கத்தில் ஒருவர், "20 போடுங்க, நிக்கும்" என்றார். நிற்கும், வயர்தான் எரியும். செட்டை வெளியே இழுத்தால், வண்டியின் இல்லுமினேஷன் வயரை (லைட் போட்டால் கரண்ட் வரும் வயர்) நான் வெட்டி அப்படியே விட்டிருந்தது தெரிந்தது. டேப் சுற்றாத அதன் நுனி பிராக்கெட் தகட்டில் பட்டுக் கறுத்திருந்தது. பார்க் லைட்டும் அதுவும் ஒரே ஃபியூஸ்.

இப்போது மிச்சம் ஒன்றுதான். ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஸ்பீக்கரில் கொசு மாதிரி 'ங்ஙீ' என்கிறது.

கோவை டீசல்

எர்த்தைப் பாருங்கள். என் வண்டியிலும் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) ஏற ஏறச் சத்தம் ஏறியது. கறுப்பு வயரை பெயிண்ட் அடித்த தகட்டில் ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்தேன். பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்கியதும் நின்றது. தனி ஆம்ப்ளிஃபையர் இருந்தால், அதற்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளும் பவர் கேபிளும் ஒரே பக்கமாக ஓடக்கூடாது.

திருச்சி ஆட்டோ எலக்ட்ரீஷியன்

முறுக்கி டேப் சுற்றினால் ஒரு கோடைக்குள் பசை இளகி நழுவிவிடும், தம்பி. சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் டியூப்) போடுங்கள். போன மாதம் ஓர் ஐரோப்பிய வண்டி வந்தது. சாவியை எடுத்தால் செட் மணி, ஸ்டேஷன் எல்லாம் மறந்துவிடும். ஐஎஸ்ஓ கப்ளரில் (பல வண்டிகளுக்கும் பொதுவான கப்ளர்) 4ஆம் பின் பேட்டரி, 7ஆம் பின் சாவி லைன். அந்த வண்டியில் இரண்டும் இடம் மாறி இருந்தன. அடாப்டர் வயரிலேயே மஞ்சளையும் சிவப்பையும் கழற்றி மாற்றிக் குத்த வசதி இருந்தது. ஐந்து நிமிட வேலை. செட் பழுது என்று அவர் அதற்கு முன் இரண்டு செட் மாற்றியிருந்தார்.

அம்பத்தூர் வாசி

பெயிண்ட்தான் அண்ணா. சுரண்டிவிட்டேன், கொசு போய்விட்டது. ஆனால் டேஷ்போர்டை மூடிய பிறகு ஒரு ஸ்க்ரூ கையில் மிச்சம் இருக்கிறது.