ஆண்டு வரவு 30 லட்சம் டொலருக்குக் குறைந்த சங்கத்தைத் தனியுரிமைச் சட்டம் கட்டுப்படுத்துமா?

செயலாளர், தமிழ்ச் சங்கம், மெல்பேர்ண்:
வணக்கம். எமது சங்கம் வார இறுதித் தமிழ்ப் பாடசாலையையும் செவ்வாய்க்கிழமைகளில் மூத்தோர் ஒன்றுகூடலையும் நடத்தி வருகிறது. கடந்த வாரம் குழு உறுப்பினர் ஒருவர், கலைவிழா அழைப்பிதழுடன் மாணவர் விபரக் கோப்பையும் தவறுதலாக இணைத்து எல்லாப் பெற்றோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். முகவரி, தொலைபேசி எண் மட்டுமன்றிப் பிள்ளைகளின் ஒவ்வாமை, மருந்து விபரங்களும் அதில் இருந்தன. எமது ஆண்டு வரவு 30 லட்சம் டொலரை எட்டாததால் சட்டம் எம்மைத் தொடாது என்றும், எவருக்கும் அறிவிக்கத் தேவையில்லை என்றும் பொருளாளர் கூறுகிறார். அது சரியா?

சமூக அமைப்புகளுடன் பணியாற்றும் சட்டத்தரணி:
பாதி சரி. கூட்டாட்சி அரசின் 1988ஆம் ஆண்டுத் தனியுரிமைச் சட்டத்தில் அந்த விலக்கு உண்டு. நன்கொடை, மானியம், மண்டப வாடகை என எல்லா வரவும் அக்கணக்கில் சேரும். ஆனால், உடல்நலச் சேவை வழங்கி அது தொடர்பான தகவல்களையும் வைத்திருக்கும் அமைப்பு, வரவு எவ்வளவு சிறியதாயினும், அந்த விலக்கைக் கோர முடியாது. உங்கள் மூத்தோர் ஒன்றுகூடலில் தாதி ஒருவர் இரத்த அழுத்தம் பார்த்துக் கொப்பியில் குறித்து வைப்பதுண்டா? உண்டெனில், பாடசாலைக் கோப்பு உட்பட முழுச் சங்கமுமே அச்சட்டத்தின் கீழ் வந்துவிடக்கூடும். அவ்வாறாயின், இக்கசிவால் எவருக்கேனும் கடும் பாதிப்பு நேரக்கூடுமா என்பதை 30 நாட்களுக்குள் ஆராய்ந்து, நேரக்கூடுமெனில் தகவல் ஆணையாளர் அலுவலகத்துக்கும் உரிய குடும்பங்களுக்கும் அறிவிக்க வேண்டும்.

இதற்கு அப்பால், விக்டோரியாவின் 2001ஆம் ஆண்டு உடல்நலப் பதிவுகள் சட்டத்தில் வரவு எல்லை எதுவும் இல்லை. ஒவ்வாமைப் பட்டியல் அச்சட்டத்துக்கு உட்பட்டதே. பொருளாளர்கள் இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு பெற்றோர்:
சட்டத்தரணி கூறியதை மறுக்கவில்லை. ஆயினும் சட்டம் கட்டாயப்படுத்தினால்தான் அறிவிப்போம் என்ற நிலைப்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. பிரிந்து வாழும் கணவரிடமிருந்து முகவரியை மறைத்து வாழும் தாய் ஒருவர் அப்பட்டியலில் இருந்தால், 30 நாள் ஆராய்ச்சி அவருக்கு எவ்வகையில் உதவும்? முதலில் கோப்பை அழித்துவிடுமாறு எல்லோரையும் எழுத்தில் கேளுங்கள். அன்றே தொலைபேசியிலும் சொல்லுங்கள்.

சட்டத்தரணி:
உடன்படுகிறேன். பாதிப்பு நேரும் முன்னரே கோப்பு அழிக்கப்பட்டால், ஆணையாளருக்கு அறிவிக்கும் கடமையே எழாமல் போகவும் இடமுண்டு. 2025 ஜூன் 10 முதல் நடைமுறையிலுள்ள, தனியுரிமையைக் கடுமையாக மீறுவோர் மீது வழக்குத் தொடரும் உரிமைக்கும் சிறு அமைப்பு என்ற விலக்குக் கிடையாது. எனினும் அது வேண்டுமென்றோ பொறுப்பின்றித் துணிந்தோ செய்தவற்றுக்கே பொருந்தும், கைதவறுதலுக்கு அன்று.

செயலாளர்:
இன்றிரவே எல்லோருக்கும் எழுதுகிறோம். இரத்த அழுத்தக் கொப்பி உண்மையிலேயே இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக மண்டபத்தின் பூட்டில்லா அலுமாரியில் கிடக்கிறது. அதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்கிறார் பொருளாளர்.

சட்டத்தரணி:
தயவுசெய்து கிழிக்க வேண்டாம். உடல்நலச் சேவை வழங்குவோர், ஒருவருக்குக் கடைசியாகச் சேவை வழங்கிய நாளிலிருந்து ஏழு ஆண்டுகளுக்கு அவருடைய பதிவை வைத்திருக்க வேண்டும் என்பது அதே விக்டோரியச் சட்டத்தின் விதி. அலுமாரிக்கு ஒரு பூட்டு வாங்குங்கள்.