ஊர்ப் பள்ளியும் காலனிப் பள்ளியும்: சேர்க்கை எல்லையை ஒன்றாக்கலாமா?

வண்டல்மண்: எங்கள் ஊரில் முக்கால் கிலோமீட்டருக்குள் இரண்டு தொடக்கப்பள்ளிகள். ஊருக்குள் ஊராட்சி ஒன்றியப் பள்ளி, 38 பிள்ளைகள். காலனியில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி, 22 பிள்ளைகள். யார் எங்கே சேரவேண்டும் என்று எந்த உத்தரவும் கிடையாது, பிறந்த தெருதான் முடிவு செய்கிறது. எல்லாத் துறைப் பள்ளிகளும் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் வரும் என்று 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நாங்குநேரியில் பட்டியலின மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழுவும் 2024இல் அதையே பரிந்துரைத்தது. துறை மாறினால் மட்டும் போதாது, இரண்டுக்கும் ஒரே சேர்க்கை எல்லை வேண்டும், அதாவது ஊரும் காலனியும் சேர்ந்து ஒரே பகுதியாகப் பிள்ளைகளைச் சேர்க்கவேண்டும். ஐந்து வயதில் ஒன்றாக உட்காராத பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் எப்படிப் பழகுவார்கள்?

ஈராசிரியர்: நோக்கம் சரி. ஆனால் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். இன்று இரு பள்ளியிலும் சேர்த்து நான்கு பேர். ஒன்றாக்கினால் 38உம் 22உம் சேர்ந்து சரியாக 60. இரண்டு பேர் உபரி என்று பணி நிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டுவிடுவார்கள். அப்புறம் ஒருவர் பயிற்சிக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். ஒற்றுமை என்ற பெயரில் பிள்ளைகளின் படிப்பைக் குறைக்காதீர்கள்.

கீழத்தெரு: இணைப்பு என்றாலே மூடப்படுவது எங்கள் பள்ளிதான். எங்கள் தாத்தா காலத்தில் அது 'லேபர் ஸ்கூல்'. மற்ற பள்ளிகளில் எங்களைச் சேர்க்காத காலத்தில் தொழிலாளர் துறை நடத்தியது. அந்த இடத்தையும் கட்டடத்தையும் விட்டுக்கொடுத்தால் திரும்ப வராது. எங்கள் பிள்ளைகள் மட்டும் தினமும் ஊர்த்தெரு வழியாக நடக்கவேண்டும். யாராவது ஒரு சொல் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளை மறுநாள் பள்ளிக்குப் போகாது.

வண்டல்மண்: அண்ணே, மூடச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் ஊரில் 1948இல் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியையும் வெள்ளையர் பள்ளியையும் இப்படித்தான் சேர்த்தார்கள். ஐந்தாம் வகுப்பு வரை எல்லாரும் ஒரு கட்டடம், ஆறு முதல் எட்டு வரை எல்லாரும் இன்னொரு கட்டடம். நமக்கு ஒன்று முதல் மூன்று வரை காலனியில், நான்கும் ஐந்தும் ஊரில். இரண்டு பக்கப் பிள்ளைகளும் நடப்பார்கள்.

மேட்டுவீடு: நான் ஊர்த்தெருக்காரன், உள்ளதைச் சொல்கிறேன். இந்த உத்தரவு வந்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் மெட்ரிக் பள்ளி வேனுக்குப் பணம் கட்டிவிடுவார்கள். சாதி பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை. சாதி பார்க்காதவர்களுக்கும் ஒன்றாம் வகுப்பில் ஒன்று, நான்காம் வகுப்பில் ஒன்று என்றால் காலையில் எங்கே ஓடுவது? கடைசியில் அரசுப் பள்ளியில் காலனிப் பிள்ளைகள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

வண்டல்மண்: போகிறவர்கள் இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயந்து, இருக்கும் 60 பிள்ளைகளைப் பிரித்தே வைப்பது நியாயமா?

ஈராசிரியர்: வகுப்பைப் பிரிக்கும் யோசனையில் எனக்கு ஒரு வழி தெரிகிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு தரும் அடையாள எண்ணான யூடைஸ் எண் இரண்டுக்கும் தனித்தனியாகவே இருக்கட்டும். அப்போது பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் வீதம் நான்கு பணியிடமும் நிற்கும். ஆனால் அதை அரசாணையில் எழுதவேண்டும். வாய்மொழி உறுதியை நம்பமாட்டேன்.

கீழத்தெரு: காலனிக் கட்டடம் மூடப்படாது என்பதையும் அதே அரசாணையில் எழுதட்டும். அதோடு முதல் வருடம் ஊர்த்தெருப் பிள்ளைகள் எங்கள் பக்கம் வரட்டும். நான்கு, ஐந்தாம் வகுப்பு மாற்றத்தை அடுத்த வருடம் பார்ப்போம். இந்த இரண்டும் இல்லாமல் கிராம சபையில் தீர்மானம் வந்தால் எழுந்து நின்று எதிர்ப்பேன்.