மனித மரபணு ஆராய்ச்சிக்குப் போக வழி சொல்லுங்கள்

வணக்கம். என் தங்கை மதுரையில் எம்.எஸ்சி. பயோடெக் கடைசி வருடம். மனித மரபணு ஆராய்ச்சியில்தான் பிஎச்.டி. என்று உறுதியாக இருக்கிறாள். ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டே, ராத்திரியில் லினக்ஸ் டெர்மினலில் விசிஎஃப் கோப்பை (மரபணு மாற்றங்களின் பட்டியல்) திறந்து, எந்த இடத்தில் எந்த டிஎன்ஏ எழுத்து மாறியிருக்கிறது என்று வரிவரியாகப் பார்க்கிறாள். இந்தியர்களின் மரபணுத் தொகுதியை ஆராயும் ஜீனோம்இந்தியா திட்டம் பற்றிப் படித்ததிலிருந்து ஆர்வம் இன்னும் கூடிவிட்டது.

ஹைதராபாத் சிசிஎம்பி, சிடிஎஃப்டி, டெல்லி ஐஜிஐபி, மேற்கு வங்கத்தின் கல்யாணி என்ஐபிஎம்ஜி போன்ற ஆராய்ச்சி நிறுவனங்களின் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்களேன். ஆய்வகத்தில் கை பழகியவர்களைத் தேடுகிறார்களா, ஆர், பைத்தான் மாதிரி கணினி மொழிகள் தெரிந்தவர்களையா? ஆறு மாத ப்ராஜெக்டுக்கு விஞ்ஞானிகளுக்கே நேரடியாக மெயில் போடலாமா?

அப்புறம், ஜெனடிக் கவுன்சிலிங் (பரம்பரை நோய்கள் பற்றிக் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்வது) படித்தால் மருத்துவமனைகளில் வேலை கிடைக்கிறதா? சொந்தத்துக்குள் கல்யாணம் அதிகமுள்ள நம் ஊர்களுக்கு அது ரொம்பத் தேவை என்று நினைக்கிறேன். அப்பா சீக்கிரம் ஓய்வு பெறுகிறார், அதனால் உதவித்தொகை விவரமும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவி.